செல்லக்கனியின் கல்யாணப் படப்பு

தெற்குக் காட்டில் காலங்காலமாக நின்ற பருத்தியைக் கிழக்குக் காட்டுக்கு மாற்றிப் போட்ட வருஷம், தை பிறந்து நாலாம் நாள், சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு, விளாத்திகுளத்துக்கு வடக்கே கரிசலுக்குள் கிடக்கும் ஆமணக்குப்பட்டியின் ஒரே தெருவில் அந்துப்பூச்சிகள் வரிசை கட்டி வந்தன. ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு, சாம்பல் நிறம். ஒரு சாண் அகல வரிசை, ஆள் நெஞ்சு உயரத்தில், நிறைகுடம் சுமந்து வரும் பெண்ணின் நடைவேகத்தில், ஒன்றையொன்று இடிக்காமல், முந்தாமல், மேற்கு முனையிலிருந்து தெரு நீளத்துக்கும் வந்து, டீக்கடையைத் தாண்டி, பஸ் திரும்புகிற வளைவைத் தாண்டி, கண்மாய்க் கரையில் ஏறி இறங்கி, அன்று காலையில்தான் முதல் பூ பூத்திருந்த கிழக்குக் காட்டுப் பருத்திக்குள் போய் இறங்கியது. யாரும் கூப்பாடு போடவில்லை. டீக்கடைக்காரர் மட்டும், வெளிச்சத்துக்கு மயங்கி எதுவும் விழுந்துவிடக் கூடாதே என்று அடுப்பைத் தணித்தார்.

பருத்தியை இடம் மாற்றியதே அந்தப் பூச்சிக்குப் பயந்துதான். அது இடும் முட்டையிலிருந்து வரும் சிவப்புப் புழு காய்க்குள் நுழைந்து, இரண்டு விதைகளை நூலால் சேர்த்துக் கட்டி, நடுவில் தொட்டில் மாதிரி இடம் பண்ணிக்கொண்டு தூங்கும். பூவுக்குள் புகுந்தால் இதழ்களை முறுக்கி மூடிவிடும், அந்தப் பூ ஒருநாளும் மலராது. மருந்தடித்துச் சலித்துப்போன ஊர்க்கூட்டத்தில், ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி ஒன்று விடாமல் கேட்கிற நல்லதம்பி எழுந்து, ஊரைச் சுற்றி நாலு காடு இருக்கிறது, பருத்தி, சோளம், உளுந்து, மல்லி என்று நாலு வெள்ளாமை இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு காடாகச் சுற்றில் விடுவோம் என்றார்.

"தெக்கே தூங்குற புழு முழிச்சுப் பாக்கும். பாத்தா உளுந்து நிக்கும். பட்டினி கெடந்து சாகட்டும்."

ஐம்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் அந்த ஒரு பேச்சுக்குக் கட்டுப்பட்டார்கள். இந்தக் கதையில் நம்ப முடியாத காரியம் என்று ஏதாவது உண்டென்றால் அது இதுதான். பூச்சிகள் வரிசையில் நடந்ததெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஒன்பது நாள் வந்தன. மறுவருஷம் பருத்தியை வடக்குக் காட்டுக்கு மாற்றினார்கள். தையில் முதல் பூ பூத்த அன்று ஆறு மணிக்கு வரிசை வந்து, வளைவில் யாரும் சொல்லாமலே இடதுபுறம் திரும்பி வடக்கே போனது. மூன்றாம் வருஷம் மேற்குக் காடு. அந்த வருஷம் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேற்கே போனது, ஊர் ஆட்களைப் பார்க்காமல் போவது மரியாதை இல்லை என்று நினைத்ததோ என்னவோ. அதற்குள் ஊருக்கும் பழகிவிட்டது. பஸ் டிரைவர் அந்த ஒன்பது நாளும் ஆறு மணிக்கு வளைவில் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்துவிடுவார், உள்ளே இருக்கிறவர்கள் ஜன்னலில் கை நீட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். வரப்புத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் தம்பி இரண்டு பேர் தெருவில் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வரிசை வந்துவிட, ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கி நின்று, கடைசிப் பூச்சி போகிற வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். காலையில் காட்டில் நின்று "நாசமாப் போற பூச்சி" என்று மண்ணை வாரித் தூற்றியவர்கள்தான் சாயங்காலம் தெருவில் அதற்கு வழிவிட்டு நின்றார்கள். ரெக்கைச் சத்தம் தூரத்தில் யாரோ முறத்தில் உளுந்து புடைக்கிற மாதிரி கேட்கும். கைப்பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் அழுகையை நிறுத்திவிடும்.

எல்லோரும் அது எங்கே போகிறது என்றே பார்த்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவின் மேற்கு முனையில் கடைசி வீடு அழகர்சாமியின் வீடு, அதற்குப் பின்னால் கருவேலங்காடு, அங்கிருந்து வரும், வேறெங்கிருந்து வரும் என்று விட்டுவிட்டார்கள். உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். அவள் அழகர்சாமியின் மனைவி குருவம்மாள். அவளுடைய வீட்டுப் புறவாசலில் நிற்கும் பருத்திமார்ப் படப்புக்குள்ளிருந்துதான் அவை ஒவ்வொன்றாக வெளியே வந்து, சுவரோரச் சந்து வழியாகத் தெருவுக்கு இறங்கின.

அந்தப் படப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆமணக்குப்பட்டியில் ஒரு பெண் பெரியவளான வருஷம், அவள் வீட்டுக் காட்டில் விளைந்த பருத்திச் செடிகளை வேரோடு பிடுங்கி, மார் என்று சொல்லும் அந்தக் குச்சிகளைக் காயவைத்து, புறவாசலில் வட்டமாக உயர அடுக்கிப் படப்பு போடுவார்கள். அவள் கல்யாணத்துக்குப் பந்திச் சோறு அந்த நெருப்பில்தான் வேக வேண்டும். ஊரில் ஒவ்வொரு வீடும் அதில் ஒரு கை சோறாவது தின்றால்தான் கல்யாணம் கல்யாணம். அதுவரைக்கும் வீட்டில் அடுப்பெரிக்க விறகு இல்லாமல் போனாலும் அதிலிருந்து ஒரு குச்சி உருவ மாட்டார்கள். பானை வைக்காமல் அந்தப் படப்பைக் கொளுத்துவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: அந்தப் பெண் செத்துப்போனால்.

குருவம்மாளின் ஒரே மகள் செல்லக்கனி. பத்தொன்பது வயதில், மிளகாய் மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் ஜெபராஜுடன் சாத்தூருக்குப் போய்ப் பதிவு ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். வேறு சாதி, வேறு சாமி. அழகர்சாமி ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "எனக்கு அப்படி ஒரு பிள்ளை கெடையாது, செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பேர் எடுக்கப்படவில்லை. "செல்லக்கனி அப்பா" என்று புருஷனைக் கூப்பிட்டுப் பழகிய குருவம்மாள் "இந்தாங்க" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள்.

ஆனால் செத்துப்போச்சு என்று சொன்ன மனுஷன் படப்புக்குத் தீ வைக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால், ஒரு வார்த்தை பேசாமல், பனையோலை வெட்டி வந்து ஏணி போட்டு ஏறுவார். குருவம்மாள் கீழே நின்று ஓலையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். அவர் பழைய ஓலையை எடுத்துவிட்டுப் புது ஓலையை வேய்ந்து கயிறு இழுத்துக் கட்டுவார். இறங்கியதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். பன்னிரண்டு ஐப்பசி இப்படிப் போனது. படப்பு நனையாமல், மக்காமல், இன்றைக்குக் கல்யாணம் என்றால் இன்றைக்கே பற்றிக்கொள்ளும் பதத்தில் நின்றது.

முதல் வருஷம் பூச்சிகள் வெளியே வந்ததைப் பார்த்தபோதே குருவம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாரோடு ஒட்டிக் கிடந்த வெடிக்காத காய்களுக்குள் புழுக்கள் படுத்திருக்கின்றன. ஊருக்குச் சொன்னால் கொளுத்தச் சொல்வார்கள். கொளுத்தினால் மகள் செத்தவளாகிவிடுவாள். அவள் வாயைத் திறக்கவில்லை. தன் காட்டுப் பருத்தியையும் புழு தின்றபோது கூட மடியில் சொத்தைக் காய்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்தாள்.

சுற்றில் விட்டும் புழு சாகவில்லை என்றதும், ஒரு வருஷம் ஊரிலேயே பருத்தி வேண்டாம் என்றார் நல்லதம்பி. அந்தத் தையில் தெரு காலியாகக் கிடந்தது. அடுத்த வருஷம் போட்டார்கள். முதல் பூவுக்கு வந்துவிட்டன. இரண்டு வருஷம் நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் பொறுத்திருந்து வந்தன. வேளாண்மை ஆபீசர் ஒருவர் பசை தடவிய மஞ்சள் அட்டைகளைத் தெருவில் தொங்கவிட்டுப் பார்த்தார். வரிசை ஒவ்வோர் அட்டையிடமும் கொஞ்சம் வளைந்து விலகிப் போனது, படுத்திருக்கிற ஆளைத் தாண்டாமல் சுற்றிப் போகிற மாதிரி. ஆபீசர் நோட்டை மூடிவிட்டு டீ சாப்பிட்டார். மற்ற வீட்டுப் படப்புகள் மூன்று நாலு வருஷத்தில் பந்திக்கு எரிந்து போயிருக்க, ஊரில் மிஞ்சி நின்றது செல்லக்கனியின் படப்பு ஒன்றுதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

பருத்தி இல்லாத வருஷங்களில் குருவம்மாள் மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்துப் படப்பில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே மெல்லிசாக ஒரு நெறுநெறுப்பு இருக்கும், தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பது போல. எல்லாம் ஒரே வருஷத்தில் எழுந்துவிடுவதில்லை என்பதை அவள் கண்டுகொண்டிருந்தாள். ஒரு பகுதி எழுந்து போகும், மிச்சம் இன்னும் நேரம் இருக்கிறது என்று புரண்டு படுத்துக்கொள்ளும். சோறு கிடையாது, தண்ணீர் கிடையாது, வெளியே என்ன விதைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஜன்னல் கிடையாது. இருந்தும் அதற்கு நாள் தெரிந்தது, திசை தெரிந்தது. தன்னை மாதிரியே இதுவும் இருக்கிறது என்று நினைக்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். நாசக்காரப் பூச்சியை நினைத்துச் சிலிர்க்கிறோமே என்று வெட்கமாகவும் இருக்கும்.

அப்புறம் மூன்று வருஷம் நிறுத்தினார்கள். அந்த மூன்று வருஷத்தில் ஊரில் நாலு பெண்கள் வயசுக்கு வந்தார்கள், நாலு பேருக்கும் படப்பு போட மார் இல்லை. நல்லதம்பியின் இளைய மகளுக்கு அவர் மனைவி மல்லிச் செடியையும் ஆமணக்குக் குச்சியையும் கூட்டி ஒரு படப்பு போட்டாள். முதல் மழையில் அது பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. அந்தப் பிள்ளை சரிந்த குச்சிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, குருவம்மாள் வீட்டுப் படப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. குருவம்மாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நாலாம் வருஷம் வடக்குக் காட்டில் பருத்தி போட்டார்கள். தையில் வந்தன. முன்னெப்போதையும் விட நீளமான வரிசை. டீக்கடை அடுப்பு கால் மணி நேரம் தணிந்தே இருந்தது. மூன்றாம் நாள் ஊர்க்கூட்டம் கூடியது.

"இனிமே ஆமணக்குப்பட்டியில பருத்தி கெடையாது," என்றார் நல்லதம்பி. குரல் உடைந்திருந்தது. "என்ன செஞ்சாலும் அது நமக்கு முந்தி யோசிக்குது. சோளமும் உளுந்தும் போட்டுப் பொழைப்போம். பொம்பளப் பிள்ளைகளுக்குப் படப்பு வேணாம். கேஸ் அடுப்புல பொங்கிக்கிடுவோம்."

பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் குருவம்மாள் தன்னையறியாமல் எழுந்துகொண்டாள். தன் பிள்ளைக்கு ஒரு பந்தி மிச்சம் இருக்கட்டும் என்று, ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளின் பந்தியையும் புழுவுக்குத் தின்னக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் நெஞ்சில் அடித்தது.

"அண்ணே," என்றாள். நல்லதம்பி அவளுக்குப் பெரியப்பா மகன். "அது கருவேலங்காட்டுலருந்து வரல. எங்க வீட்டுப் பொறவாசல்லருந்து வருது."

"பொறவாசல்ல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கேட்ட வாயோடு அவருக்கே பதில் தெரிந்துவிட்டது.

"செல்லக்கனி படப்பு இருக்கு."

பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பேர் கூட்டத்தில் விழுந்தது. அழகர்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தன வருசமாத் தெரியும் தங்கச்சி?"

"மொத வருசத்துலருந்தே தெரியும்ணே."

கூட்டம் கொதித்துப்போனது. ஊரையே கெடுத்துவிட்டாளே என்றார்கள், இப்பவே கொளுத்துங்கள் என்றார்கள். ஆனால் எழுந்து போய்க் கொளுத்த ஒரு கை நீளவில்லை. பானையில்லாமல் கல்யாணப் படப்புக்குத் தீ வைக்கிற பாவத்தை யார் தலையில் ஏற்றுவது? நல்லதம்பி அழகர்சாமியிடம் போய் நின்று தீப்பெட்டியை நீட்டினார்.

"மாப்ள, அந்தப் பிள்ளை செத்துப்போச்சுன்னு இதே எடத்துல வச்சு நீரு தான சொன்னீரு? செத்த பிள்ளை படப்பக் கொளுத்தலாம். இந்தாரும்."

அழகர்சாமி வாங்கிக்கொண்டார். அவர் முன்னால் நடக்க, ஊர் பின்னால் நடந்தது. அந்தத் தெருவில் அத்தனை பேரும் சேர்ந்து மேற்கே பார்த்து நடந்தது அதுதான் முதல் தடவை. குருவம்மாள் ஓடிப்போய்த் தடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பற்றியது. அதே நேரம் மணி ஆறானது.

ஓலைக்கு அடியிலிருந்து அவை வந்தன. ஒன்று, பிறகு ஒன்று, பிறகு ஒரு கைப்பிடி, பிறகு கணக்கில்லாமல். எரிகிற குச்சியோடு எதிரில் நின்ற அழகர்சாமியிடம் வந்ததும் வரிசை இரண்டாகப் பிரிந்து, ஒன்று அவர் வலது காதோரமாகவும் ஒன்று இடது காதோரமாகவும் போய், முதுகுக்குப் பின்னால் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து தெருவில் இறங்கியது. ஊர் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. அத்தனை கிட்டத்தில் அவற்றை அவர் பார்த்ததில்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் மகளுக்காக அவர் கையால் பிடுங்கி அடுக்கிய மாருக்குள் இருட்டில் கிடந்து, இன்றைக்குப் பூத்த பூவுக்காக இன்றைக்கு எழுந்து வருகிறவை. குச்சி எரிந்து விரலைத் தொட்டது. அவர் கையை உதறவில்லை. அது அங்கேயே அணைந்தது.

"இதுவே சாகலயே மச்சான்," என்றார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "பானையைக் கொண்டாங்க."

அப்படித்தான் ஆமணக்குப்பட்டி, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆன பெண்ணுக்குக் கல்யாணப் பந்தி போட்டது. வேறு சாதிக்காரனோடு ஒரே பந்தியில் உட்காருவதா என்று நாலைந்து வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "புழு வேணுமா, பந்தி வேணுமா?" என்று நல்லதம்பி கேட்டார். முணுமுணுத்தவர்களும் இலை அறுக்கப் போனார்கள். சொல்லி அனுப்பியதில், பத்தாம் நாள் காலை பஸ்ஸில் செல்லக்கனி, ஜெபராஜ், இரண்டு பெண் குழந்தைகள் வந்து இறங்கினார்கள். வளைவிலேயே நின்றுவிட்ட மகளைக் குருவம்மாள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நல்ல வெயிலில் படப்பைப் பிரித்து அடுப்புக்குத் தள்ளினார்கள். இன்னும் எழாமல் உள்ளே கிடந்தவை எல்லாம் எரிந்தன, இரட்டை இரட்டையாகக் கட்டிய விதைகள் மிளகு வறுபடுவது போல வெடித்தன. மகள் வந்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்த குருவம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்க மாட்டாமல் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஐம்பத்திரண்டு வீடும் சாப்பிட்டது. சோற்றைப் பரிமாறியவர் அழகர்சாமி. மகள் இலைக்கு வந்ததும் ஒரு அகப்பைக்கு இரண்டு அகப்பையாக வைத்தார். அவள் "அப்பா" என்றாள். அவர் அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார்.

புருஷன் வீட்டில் முதல் அடுப்பு மூட்ட, படப்பிலிருந்து மூன்று குச்சி கொடுத்தனுப்புவது வழக்கம். குருவம்மாள் காலையிலேயே மூன்று நல்ல குச்சிகளாகப் பார்த்து எடுத்துவைத்திருந்தாள். மூன்றாவதில் ஒரு வெடிக்காத காய் இருந்தது. கட்டைவிரல் நகத்தை அதன் காம்பில் வைத்தாள். கிள்ளினால் ஒரு நொடி. பன்னிரண்டு வருஷம் கூட இருந்து காத்த ஒன்றைத் தன் கையால் கிள்ள அவளுக்கு மனசு வரவில்லை. எப்படியும் அடுப்பில்தானே வைக்கப்போகிறாள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லி, துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டாள்.

மறுவருஷம் தெற்குக் காட்டில் பருத்தி வெள்ளைவெளேர் என்று வெடித்தது. அதற்கடுத்த வருஷமும். பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் படப்புகள் எழுந்தன, வெடிக்காத காய்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுவிட்டு அடுக்கிய படப்புகள். தையில் ஆறு மணிக்குத் தெரு சும்மா கிடந்தது. டீக்கடைக்காரர் பழக்கத்தில் அடுப்பைத் தணித்துவிட்டு, ஓ என்று மறுபடி ஏற்றுவார். எதையோ தொலைத்துவிட்ட மாதிரி ஊர் கொஞ்சநேரம் வாசலில் நிற்கும்.

செல்லக்கனி அதற்குப் பிறகு வரவில்லை. பேசாத அப்பா வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவது என்று அவளும், கூப்பிட எந்த வாயைத் திறப்பது என்று அவரும் இருந்துவிட்டார்கள். பந்தி முடிந்துவிட்டது, இனி எதைச் சொல்லி அழைப்பது? குருவம்மாளின் புறவாசலில் கரிந்த வட்டம் ஒன்று மட்டும் இருந்தது. அவள் மத்தியானங்களில் அங்கே போய் நிற்பாள். காது வைத்துக் கேட்க ஒன்றும் இல்லை. முன்னே காத்திருப்பதற்கு ஒரு துணை இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

மூன்றாம் வருஷம் தை. கிழக்குக் காட்டில் முதல் பூ. ஆறு மணி பஸ் வளைவில் வந்து நின்று, பழைய நாட்களைப் போல விளக்கை அணைத்தது. டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் அடுப்பைத் தணித்தார். பஸ்ஸின் பின் ஜன்னலிலிருந்து ஒரு அந்துப்பூச்சி இறங்கியது. பின்னால் இன்னொன்று. நெஞ்சு உயரத்தில், நிறைகுடம் சுமந்த நடையில், வரிசை கலையாமல். எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் பதினொன்று.

பதினொன்றாவதுக்குப் பின்னால், அதே வேகத்தில், இரண்டு பெண்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு செல்லக்கனி வந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு ஜெபராஜ்.

"கேஸ் அடுப்புல மாரை எங்கம்மா வைக்க? பரண்ல போட்டு வச்சிருந்தேன்," என்றாள், ஓடி வந்த அம்மாவிடம். மூச்சு வாங்கியது. "இன்னைக்கு மத்தியானம் பரண்லருந்து எறங்கி, வாசலத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் போயி நம்ம ஊரு பஸ்ஸுல ஏறிருச்சும்மா. இதுவே கெளம்பிப் போகுது, நான் எதுக்கு வீட்டுல உக்காந்துருக்கேன்னு வந்துட்டேன்."

தெருவில் சலசலப்பு எழுந்தது. நல்லதம்பி கிழக்குக் காட்டைத் திரும்பிப் பார்த்தார். பதினொன்று போதும், அடுத்த தைக்குள் அது பதினோராயிரம் ஆகிவிடும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் முறுக்கினான். ஒரே வீச்சு, முடிந்துவிடும். குருவம்மாளுக்கு அந்தக் காய் நகத்தடியில் உறுத்தியது. குற்ற உணர்வும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்க, பேத்திகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

தெருவின் மேற்கு முனையிலிருந்து அழகர்சாமி வேகமாக வந்தார். துண்டை முறுக்கியவனின் கையைப் பிடித்து இறக்கினார்.

"வழிய விடுங்கப்பா," என்றார் ஊரைப் பார்த்து. "எம்பிள்ளை வருது."